வெள்ளிக்கிழமைகளில் பால் வியர்க்கும் கல்

அந்த ஓரத்தில் இருக்காதேங்கோ பிள்ளை, கூரை ஒழுகும். இங்கால வாருங்கோ. இந்தப் பஸ் தரிப்பிடம் கட்டி அறுபத்தெட்டு வருசமாம். திறந்துவைத்த அன்றைக்கே ஒழுகினதாம். திறந்துவைக்க வந்த சீமாட்டியின் தொப்பியில்தான் முதல் சொட்டு விழுந்ததாம். இந்த வாங்கில் குந்தியிருக்க நனையாத இடம் நடுவில் ஒரு சாண்தான். முப்பத்திரண்டு வருசமாக அது என்னுடைய இடம். பரவாயில்லை, அரைச் சாண் உங்களுக்குத் தருகிறேன்.

தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றா? பஸ்ஸால் இறங்கினவுடனே மழையைப் பார்த்து "ஐயோ" என்றீர்களே! இந்த வெள்ளைக்கார ஊரில் மழைக்கு ஒருவரும் ஐயோ சொல்வதில்லை. "தோட்டத்துக்கு நல்லது" என்பார்கள். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் தோட்டத்துக்கு நல்லதுதான்.

சேர்ச்சுக்கா போக வேணும்? இப்போது பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் என் மனுசியும் மிஸ் பெட்டிஃபரும் பத்து மணிக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் பன்னிரண்டுக்குத்தான் திறப்பார்கள். பித்தளைச் சாமான் மினுக்குகிறார்கள். நான் தட்டியும் பார்த்திருக்கிறேன், திறக்கமாட்டார்கள். இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு. இருங்கோ.

நானும் ஒருவருக்காகத்தான் காத்திருக்கிறேன். டொக்டர் விற்கம் என்று ஒரு ஆள். மருந்து தருகிற டொக்டர் இல்லை, பழைய கல்லுகளைப் பார்த்து வயது சொல்லுகிற டொக்டர். வெள்ளைத் தாடி வைத்திருப்பார், அந்தத் தொழிலுக்குத் தாடி இல்லாமல் சரிவராது. உங்கடை பஸ்ஸில் தாடியோடு ஒருவரும் வரவில்லையே? அப்போ பன்னிரண்டு பத்து பஸ்ஸில்தான் வருவார். அவரைச் சேர்ச் வாசலுக்குப் போகவிடாமல் இதிலேயே மறித்து நாலு கதை சொல்ல வேணும். சொல்லாவிட்டால் என் குடும்பம் இன்றைக்கே இரண்டாகும்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சிரிக்கிறீர்கள், சிரியுங்கோ. முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கோ. உங்களிடம் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழில் சொல்லலாம், இந்த ஊரில் ஒரு காகத்துக்கும் விளங்காது. நீங்களும் பின்னேரம் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள்.

என் பெயர் வல்லிபுரம். இவர்களுக்கு மிஸ்டர் வேலி. அந்தா, நீலக் கதவு தெரிகிறதே, அதுதான் நான் நடத்தின கடை. பால், பேப்பர், முத்திரை, நாய்ச் சாப்பாடு. நான் வந்து கடை திறந்தபோது இந்த நெதர்பிங்கிளில் வீடுகள் அறுபத்தொன்று. வரலாறு பதினொரு பக்கம். பகிடி இல்லை பிள்ளை, புத்தகமே இருக்கிறது. மிஸ் பெட்டிஃபர் எழுதினது. அவள்தான் இந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் சேர்த்து வயது நானூற்றுப் பத்து.

அந்தப் பதினொரு பக்கத்தில் நாலு பக்கம் மழை. எந்த வருசம் எவ்வளவு பெய்தது என்று. ஒரு பக்கம் அரசன் வந்த கதை. குதிரையில் வந்தானாம், தண்ணீர் கேட்டானாம், இவர்கள் நல்ல கோப்பை தேடிக்கொண்டிருக்க அவன் போய்விட்டானாம். அவன் நிற்காத இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள், வரும்போது பார்த்திருப்பீர்கள். பிறகு அந்தப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு செம்மறிதான் போகலாம். இரண்டு செம்மறி எதிரெதிரே வந்து, ஒன்றுக்கொன்று வழிவிடாமல் மூன்று நாள் நின்றதாம், கடைசியில் பாதிரியார் வந்து சமாதானம் பேசினாராம். அந்தச் செம்மறிக் கதை நான் கடையில் சும்மா சொன்னது. இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிட்டார்கள்!

மணிக்கூட்டுக் கோபுரமும் ஒன்று இருக்கிறது. எப்போதும் ஒன்று குறைத்துத்தான் அடிக்கும். பன்னிரண்டு மணிக்குப் பதினொன்று. ஒரு மணிக்கு ஒன்றுமே இல்லை. திருத்தச் சொல்லிக் கேட்டால், "நாங்கள் கூட்டிக்கொள்கிறோம்" என்கிறார்கள்.

இவ்வளவுதான் எங்கள் பெருமை. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓவர்பிங்கிள் என்று ஒரு ஊர். அவர்களிடம் இடிந்த மடம் ஒன்று இருக்கிறது. இடிந்துபோனதுக்கு அவர்களுக்கு என்ன எடுப்புத் தெரியுமோ! பார்க்கச் சனம், சனத்துக்குத் தேத்தண்ணிக்கடை, தேத்தண்ணிக்கடைக்கு ஒரு நாளைக்கு ஆறு பஸ். எங்கள் ஊரில் இடியாத கட்டடம்தான் இருக்கிறது. இடியாததை யார் பார்க்க வருவார்கள்? எங்களுக்கு வந்தது இரண்டு பஸ். அதையும் நிறுத்தப்போகிறோம் என்று கடிதம் போட்டார்கள்.

உதென்ன, அளவுநாடாவா? பையில் இருந்து விழுந்தது, எடுங்கோ. யன்னல் திரை தைக்கிறனீங்களோ? நல்ல தொழில். என் மனுசிக்கும் முன்னறைக்கு ஒன்று தைக்க வேணும்.

மனுசி பெயர் பூபதி. பருத்தித்துறைக்காரி. அவள் இங்கே வந்தபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆட்டுக்கல். கொழும்பில் இருந்து மைத்துனர் கப்பலில் சாமான் அனுப்பினபோது அதோடு வந்தது. கறுப்புக் கல், நடுவில் குழி, அதுக்குள் நின்று சுற்றுகிற குழவி. உங்களுக்குத் தெரியாமலா? கடையின் பின்வளவில் வைத்து இருபத்தெட்டு வருசம் வெள்ளிக்கு வெள்ளி அதில்தான் உழுந்து ஆட்டினாள். மெசின் வாங்கித் தந்தேன், தொடமாட்டாள். மெசினில் மா சூடாகுது, சூடான மாவில் தோசை பிறக்காது, செத்துத்தான் வரும் என்பாள். 

மூன்று வருசத்துக்கு முந்திக் கடையை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்கு மாறினோம். கல்லைத் தூக்க இரண்டு பேரைப் பிடித்தேன். சேர்ச் ஒழுங்கை வரைக்கும் கொண்டுவந்தார்கள், அதுக்குமேல் இடுப்பு ஏலாது என்று மதிலோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாளைக்கு எடுப்பிக்கிறேன் என்று பூபதிக்குச் சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். ஒரு மாரி முழுக்கச் சொன்னேன். அதுக்கிடையில் கல்லைத் தொட்டால் சொறிகிற காஞ்சோண்டிப் பற்றை மூடிவிட்டது.

மாசி கழிந்து மிஸ் பெட்டிஃபரின் நாய் அந்தப் பற்றைக்குள் போய்க் காலைத் தூக்கினது. அதைப் பார்க்கப் போனவள் கல்லைப் பார்த்துவிட்டாள். குழவி பூபதியிடம் வீட்டில் இருந்தது. குழவி இல்லாத ஆட்டுக்கல்லை நீங்கள் ஒருக்கா வெள்ளைக்காரக் கண்ணால் பாருங்கோ. அசல் ஞானஸ்நானத் தொட்டி! சங்கத்து ஐந்து பேரும் மழைக்கோட்டோடு சுற்றி நிற்கிறார்கள். நான் பேப்பர் வாங்கப் போகிற வழி. "மிஸ்டர் வேலி, நீங்கள் இங்கே நெடுங்காலம் இருக்கிறீர்கள். இந்தக் கல்லைப் பற்றி எப்போதாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

என்னுடைய கல்லு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் அந்த ஐந்து முகங்களையும் நீங்கள் பார்த்திருக்க வேணும், பிள்ளை. பதினொரு பக்கத்தோடு முடிந்துபோன ஊருக்குப் பன்னிரண்டாம் பக்கம் வந்து நிற்கிறது. அதில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார். நான் என்ன செய்ய? "சவக்குழி வெட்டின அல்பேர்ட் சொல்லக் கேட்டிருக்கிறேன்," என்றேன். அல்பேர்ட் செத்து ஒன்பது வருசம், அவரைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? "நானூறு வருசத்துக்கு முந்தி அரசனுக்கு எதிரான படை வந்தபோது சேர்ச்சில் இருந்த தொட்டியைத் தூக்கி ஒழுங்கையில் எறிந்ததாம். அதைக் காஞ்சோண்டி காப்பாற்றினதாம்."

பொய் இல்லை. கதை. பொய் என்றால் சொல்லுகிறவனுக்கு லாபம் வரவேணும்.

எட்டுப் பேர் சேர்ந்து, மணியடித்து, ஊர்வலமாகக் கல்லைச் சேர்ச்சுக்குள் கொண்டுபோனார்கள். முன்னுக்கு நான் நடந்தேன். எங்கள் வீட்டைக் கடக்கும்போது யன்னலில் பூபதி. கையில் குழவி. 

அன்றைக்கு இரவு சமைத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அது என்ரை கல்." நான், "மெல்லக் கதை, மெல்லக் கதை," என்றேன். மெல்லக் கதைக்கச் சொன்னதுக்கு அவள் ஒரேயடியாகக் கதையையே நிற்பாட்டிவிட்டாள். எட்டு மாதம்! எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் தண்ணி கொதிக்கிற கேத்திலிடம் சொல்லுவாள். "கேத்திலே, தேத்தண்ணி ஆறுது எண்டு அந்தாளுக்குச் சொல்லு." நானும், "கேத்திலே, சீனி காணாது எண்டு சொல்லு," என்பேன். எங்கள் குடும்பத்தை எட்டு மாதம் ஒரு கேத்தில்தான் நடத்தினது. தோசையோ மெசின் தோசை. சப்பாத்துக்கு அடியில் வைத்துத் தைக்கலாம்.

எழுதுகிறீர்களா? சமையல் குறிப்போ? எழுதுங்கோ, எழுதுங்கோ. உழுந்து நாலு மணித்தியாலம் ஊற வேணும், வெந்தயம் மறக்கக் கூடாது.

பிறகுதான் நடந்தது அதிசயம். ஒருநாள் நான் கண் பரிசோதிக்கப் பட்டணம் போய்த் திரும்புகிறேன், குசினி மேசையில் பூபதியும் மிஸ் பெட்டிஃபரும் எதிரெதிரே. நடுவில் குழவி! இவள் சொல்லியிருப்பாளோ? ஆனால் இவளுக்குத் தெரிந்த இங்கிலீசு நாற்பது சொல்லு, அதில் பன்னிரண்டு மரக்கறி. மிஸ் பெட்டிஃபர் என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லுகிறாள்: "மிஸ்டர் வேலி, உங்கள் மனைவி இந்த அழகான கதவுக்கல்லை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்." கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கல்லாம்! அவ்வளவு படித்த மனுசி, குழவி தெரியவில்லை. நான் எப்படித் தப்பினேன் பார்த்தீர்களா?

அடுத்த வெள்ளிக்கிழமை காலமை பூபதி என்னைப் பார்த்து, கேத்திலை இல்லை, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிறாள்: "நான் சேர்ச்சுக்குப் போறன். பித்தளை மினுக்க." சந்நிதி முருகனை விட்டு அசையாதவள், நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொண்டு சேர்ச்சுக்குப் போகிறாள்! சில்லுப் பூட்டின கடைப்பை ஒன்று இழுத்துக்கொண்டு. ஒருநாள் படியில் ஏற்ற உதவி செய்தேன், பாரமென்றால் அப்படிப் பாரம். உள்ளுக்குள் என்ன என்றேன். "பாட்டுப் புத்தகங்கள்," என்றாள் மிஸ் பெட்டிஃபர். இந்த ஊர்ப் பாட்டெல்லாம் நீளப் பாட்டு.

அன்றைக்குத் தொடங்கி எங்கள் வீடு திருந்திவிட்டது. பூபதி கதைக்கிறாள், சிரிக்கிறாள், என்னை ஏசுகிறாள். தோசையும் திருந்திவிட்டது, பிள்ளை! பழையபடி பூப்போல. மெசின் பழக ஒரு வருசத்துக்கு மேல் எடுத்திருக்கிறது, நான் அப்போதே சொன்னேன், அவள் கேட்கவில்லை. குழவியை மட்டும் காணவில்லை. கோபத்தில் எறிந்திருப்பாள், நான் கேட்கவில்லை. ஏன் கிளறுவான்?

இப்போது கல்லின் கதையைக் கேளுங்கோ. லீட்ஸ் பக்கத்தில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நான்தான் சுற்றிக் காட்டினேன். கடையை விற்றபிறகு எனக்கு வேறென்ன வேலை? மனுசன் அரசன் நிற்காத கல்லில் கொட்டாவி விட்டான், பாலத்தில் கொட்டாவி விட்டான். சேர்ச்சுக்குள்ளும் வாயைத் திறக்கப்போகிறான். ஊர் மானம் போகிறது. நான் சட்டென்று சொன்னேன்: "வெள்ளிக்கிழமைகளில் இந்தத் தொட்டி பால் வியர்க்கும்." 

அவன் குனிந்தான். "கடவுளே!" என்றான்.

நானும் குனிந்தேன். குழிக்குள் வெள்ளை வெள்ளையாக ஏழெட்டுச் சொட்டு! வெள்ளிக்கிழமை, பன்னிரண்டே கால். விரலால் தொட்டேன், குளிர்ச்சி, கொஞ்சம் ஒட்டினது. என் வாயால் வந்த கதை கல்லில் இறங்கிவிட்டது! மூக்கால் மணந்து பார்த்தீர்களா என்றா கேட்கிறீர்கள்? தெய்வ காரியத்தை யாராவது மணந்து பார்ப்பார்களா, பிள்ளை? 

பிறகென்ன, பேப்பரில் வந்தது. ஓவர்பிங்கிளில் தேத்தண்ணி குடித்த சனம் மேடு ஏறி இங்கே வந்தது. பஸ் இரண்டு நாலாச்சு. நீங்கள் வந்தீர்களே பதினொன்று பத்து பஸ், அது அந்தக் கல் கொண்டுவந்த பஸ்.

அதோடு கடிதமும் வந்தது. போன கிழமை மிஸ் பெட்டிஃபர் எங்கள் குசினியில் வைத்து வாசித்தாள். டொக்டர் ஆர். விற்கம் வெள்ளிக்கிழமை வந்து கல்லைச் சோதிப்பார். கல் உண்மையென்றால் நகரத்து மியூசியத்துக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். உண்மையில்லை என்றால் சேர்ச்சுக்குள் வைத்திருக்கக் கூடாது, அகற்ற வேணும். விளங்குதோ? உண்மையென்றாலும் கல் போச்சு, பொய்யென்றாலும் கல் போச்சு.

வாசித்து முடிய மிஸ் பெட்டிஃபர் கடிதத்தை நாலாக மடித்தாள். பூபதி எழும்பிப் போய் அடுப்படியில் நின்றாள். நின்று மெல்லமாகச் சொன்னாள்: "கேத்திலே, கல்லுப் போனால் இனி நானும் நீயும்தான்."

எனக்கு எழுபத்தைந்து வயது, பிள்ளை. இன்னொரு எட்டு மாதம் கேத்திலோடு கதைக்க என்னால் ஏலாது. ஏன் அவளுக்கு அந்தக் கல் மேல் திரும்பவும் இவ்வளவு பற்று என்று எனக்கு விளங்கவும் இல்லை. பக்தி வந்துவிட்டது போல. அதனால்தான் விடியத் தொடங்கி இதில் இருக்கிறேன். அந்தத் தாடிக்காரனுக்கு என்ன கதை சொல்லுவேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு கதையும் வரவில்லை.

டோங். கேட்குதோ? எண்ணுங்கோ. ஒன்பது, பத்து, பதினொன்று. அப்போ பன்னிரண்டு. மழையும் விட்டுவிட்டது. அந்தா கதவு திறக்கிறார்கள். 

எழும்பிவிட்டீர்களா? டோர்ச் என்னத்துக்கு? சேர்ச்சுக்குள் லைற் இருக்கிறது... 

என்ன? 

திருப்பிச் சொல்லுங்கோ. ரேணுகா விற்கம். கலியாணம் கட்டின பெயர். 

அப்போ தாடி?

ஐயோ. நான் முழுவதையும் சொல்லிவிட்டேனே. அதுவும் தமிழில், ஒரு சொல்லும் விடாமல்... பிள்ளை, நில்லுங்கோ, செம்மறிக் கதை ஒன்றுதான் பொய், மற்றதெல்லாம்... சரி, மற்றதுதான் பொய், செம்மறி... பிள்ளை!

*

அரை மணித்தியாலம் ஆகுது. உள்ளே என்ன செய்தீர்கள் மூன்று பேரும்? சிரிக்கிற சத்தம் இந்த வாங்கு வரைக்கும் கேட்டது. பூபதி அப்படிச் சிரித்து நான் கேட்டது எங்கள் கலியாண வீட்டில், நான் மணவறையில் தடக்கினபோது. அவள் கண்ணெல்லாம் ஈரமாக இருக்கிறதே. மிஸ் பெட்டிஃபர் மூக்குச் சிந்துகிறாள். கல்லுப் போச்சோ? சொல்லுங்கோ, நான் தாங்குவேன்.

எழுதினதைத் தமிழில் வாசிக்கப்போகிறீர்களா? வாசியுங்கோ. 

"இக்கல் இந்நாட்டைச் சேர்ந்தது அன்று." சரி, போச்சு. "வயதைத் தீர்மானிக்க இயலவில்லை." ம். "எனினும் இது இன்றுவரை தவறாமல் பயன்பாட்டில், பாவனையில் உள்ளது. இடம் மாற்றினால் பாவிப்பவர்களுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படும். மியூசியத்துக்கு இது தேவையில்லை. கல் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் பரிந்துரை."

இருக்கும் இடத்திலேயே!

பிள்ளை, நீங்கள் நல்லாய் இருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளும் நல்லாய் இருப்பார்கள். ஆனால் ஒன்று விளங்கவில்லை. பாவனையில் உள்ளது என்று எழுதியிருக்கிறீர்களே, யார் பாவிக்கிறது? ஞானஸ்நானம் கொடுக்க இந்த ஊரில் பிள்ளை பிறந்தே நாலு வருசம்... ஓ. ஓ! விளங்கிவிட்டது. கல்லைப் பார்க்க வருகிற சனம். என் கதையைத்தான் அப்படி மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள். நான் எதிர்பார்க்கவில்லை, பிள்ளை. வயது தெரியாது என்று எழுதினதும் நல்லது. தெரியாத வயதை நாங்கள் விரும்பினபடி வைக்கலாம். நான் ஆயிரம் வைக்கிறேன்.

என்ன பூபதி? என்ரை முகத்தைப் பார்த்துத்தானே சொல்லுறாய், நான் கேத்தில் இல்லையே? சரி, சரி. கேட்டீர்களா, உங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். கால் மணித்தியாலத்தில் உழுந்து வடை போடுகிறாளாம். கால் மணித்தியாலத்தில் எப்படியப்பா? உழுந்து ஆட்ட வேண்டாமோ? மெசின்தான் பிள்ளை, மெசின். நான் வாங்கித் தந்தது. இப்போது அதில்லாமல் அவளால் ஏலாது.

அந்தப் பையை விடு பூபதி, நான் இழுக்கிறன்... அம்மாடி! போகும்போது இருந்த பாரத்தைவிடக் கூடியிருக்கிறதே. அடிப்பக்கம் ஈரம் வேறு. பாவம், சேர்ச் கூரையும் ஒழுகுது போல, புத்தகமெல்லாம் ஊறிவிட்டது. 

ஏன் மூன்று பேரும் திரும்பவும் சிரிக்கிறீர்கள்? சிரிக்காதேங்கோ. பித்தளை மினுக்கப் போகிற பாட்டுப் புத்தகம் திரும்பி வரும்போது பாரம் கூடி வருகிறது. வெள்ளிக்கு வெள்ளி. இதை நாளைக்கு வருகிற சனத்துக்குச் சொல்ல வேணும்.